புதுச்சேரியின் வாடகைக் குடித்தனங்கள்

புதுச்சேரியில் வீடுகளுக்கு முன்பே வீதிகள் வரையப்பட்டன. பிரெஞ்சுக்காரர் போட்டது என்று இன்று பலரும் நம்பும் நேர்வீதிக் கட்டம் உண்மையில் டச்சுக்காரர் கைவண்ணம். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகத்துக்குக் கால்கோள் இட்டபோது இருந்தவை நெசவாளர் குடியிருப்புகளும் கடலோரக் குப்பங்களும்தான். 1693இல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர். 1697இல் ஏற்பட்ட ரிஸ்விக் உடன்படிக்கைப்படி 1699இல் அதைத் திருப்பிக் கொடுத்தனர். தங்கியிருந்த அந்தச் சில ஆண்டுகளுக்குள் அவர்கள் ஊருக்கு ஒரு புதிய வரைபடம் தயாரித்துவிட்டார்கள். வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் தெருக்கள், அவற்றுக்கிடையே ஒரே சீராகப் பிரித்த மனைகள். பிரெஞ்சு வரலாற்றறிஞர் ழான் தெலோஷ் இந்த டச்சு வரைபடங்களை ஆராய்ந்து வெளியிட்ட பிறகே அவற்றின் பங்கு தெளிவாயிற்று. திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர் கட்டத்தை அழிக்கவில்லை. அதையே நீட்டிக்கொண்டு போனார்கள்.

அழகுக்காகப் போட்ட கட்டமல்ல அது. கம்பெனிக்கு வேண்டியது துணி. நெசவாளி தறியோடு ஊருக்குள் குடியேறினால்தான் முன்பணம் கொடுக்கவும் சரக்கை எண்ணி வாங்கவும் முடியும். ஆகவே மனை ஒரு தூண்டில். வணிகருக்கும் வேளாளருக்கும் கைவினைஞருக்கும் தனித்தனித் தெருக்கள் அமைந்தன. வெள்ளாளர் வீதி, செட்டி வீதி, கோமுட்டி வீதி, வைசியாள் வீதி, தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதி என்று அந்தப் பாகுபாடு பெயர்களில் இன்றும் நிற்கிறது. பல்லக்குத் தூக்குவோர், துறையில் மூட்டை இறக்குவோர், தோட்டி வேலை செய்வோர் ஆகியோருக்கு இந்த வரைபடத்தில் மனை கிடையாது. அவர்களுடைய சேரிகளும் குடிசைகளும் கட்டத்துக்கு வெளியே, உப்பளத்தையும் தோப்புகளையும் ஒட்டி வளர்ந்தன. உழைப்பு ஊருக்குள், உழைப்பவர் குடியிருப்பு ஊருக்கு வெளியே என்ற இந்த ஏற்பாடு முதல் வரைபடத்திலேயே தொடங்கிவிட்டது. பின்வந்த எந்தத் திட்டமும் அதை முழுதாக மாற்றவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊரைச் சுற்றி மதிலும் கொத்தளங்களும் எழுந்தன. மதில் இருந்த கோட்டில்தான் இன்றைய புல்வார் சாலைகள் ஓடுகின்றன: வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. முட்டை வடிவிலான அந்த வளையத்துக்குள், செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் இடையே ஓடும் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரித்தது. கடலை ஒட்டியது வெள்ளையர் நகரம், மேற்கே உள்ளது தமிழர் நகரம். தமிழர் பகுதியிலும் சமயவாரியாகப் பிரிவுகள் இருந்தன: கோயில்களைச் சுற்றி இந்துக்கள், மாதா கோயிலை ஒட்டிக் கிறித்தவர்கள், தென்மேற்கே முஸ்லிம்கள். பிரெஞ்சு ஆளுநர் தூய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்த ரங்கப் பிள்ளையின் மாளிகை தமிழர் பகுதியில்தான் உள்ளது. கீழ்த்தளம் முற்றமும் மரத்தூண்களுமாகத் தமிழ்ப் பாணி, மேல்தளம் ஐரோப்பியப் பாணி. பணம் படைத்தவர் அப்படிக் கட்டினார்கள். நடுத்தரக் குடும்பங்கள் அதே அமைப்பைச் சிறிய அளவில் கட்டின.

அந்த அமைப்பைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் புதுச்சேரியின் வாடகைச் சந்தை நெடுங்காலம் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. தெருவை ஒட்டி மரக்கால்கள் மேல் சரிந்திறங்கும் ஓட்டுத் தாழ்வாரம். அதன் உள்ளே திண்ணை. பிறகு நடை, முற்றம், முற்றத்தைச் சுற்றிச் சிறு அறைகள், பின்கட்டு, கிணறு, கொல்லை. ஒரு வீதியிலிருந்து பின்வீதி வரை மனை நீளும்போது கட்டுகள் இரண்டு மூன்றாகும். கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு குடும்பம் சுருங்கியதும் எளிதில் பிரியும். முன்கட்டில் வீட்டுக்காரர், பின்கட்டில் ஒரு குமாஸ்தா குடும்பம், மாடியறையில் ஒரு வாத்தியார், நடையை அடைத்து ஒரு தையற்கடை. கிணறும் கழிப்பிடமும் பொது. ஒண்டுக்குடித்தனம் என்று தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட இந்த வாழ்க்கைக்குப் புதுச்சேரி வீடு அச்சு வார்த்தது போலப் பொருந்தியது. தனியாக வாடகைக்கென்றே கட்டடம் எழுப்பும் வழக்கம் வேரூன்றாததற்கு இது ஒரு காரணம். இருக்கும் வீட்டை இன்னும் கொஞ்சம் பிரிப்பதே மலிவான வழி.

1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சரணடைந்ததும் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் நகரையும் தரைமட்டமாக்கினர். முற்றுகையின் கடைசி மாதங்களில், உணவு பற்றாததால், தமிழ்க் குடிகள் பலரை லாலியே ஊரைவிட்டு வெளியேற்றியிருந்தார். 1765இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆளுநர் ழான் லோ தெ லோரிஸ்தோன் பழைய அஸ்திவாரங்களின் மேலேயே மீண்டும் கட்ட வைத்தார். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் மஞ்சள் மாளிகைகளில் மிகப் பெரும்பாலானவை இதற்குப் பிந்தியவை. 1778, 1793, 1803 என்று ஊர் மேலும் மூன்று முறை ஆங்கிலேயர் கைக்குப் போய் 1816இல் இறுதியாகத் திரும்பியது. இத்தனை கைமாற்றத்திலும் வீதிக் கோடுகள் அசையவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் நிலவிய நிச்சயமின்மை வீட்டில் பணம் போடுவதைத் தடுத்தது என்று ஊகிக்கலாம்.

1816க்குப் பிந்திய புதுச்சேரி அமைதியான, சற்றே தூங்கி வழியும் காலனி. ஆனால் சொத்துரிமை விஷயத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1819 ஜனவரி 6 ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. இந்துக்களும் முஸ்லிம்களும் தத்தம் வழக்கப்படியே தீர்ப்புப் பெறலாம் என்ற உறுதிமொழியும் அதில் இருந்தது. வழக்கம் எது என்று நீதிமன்றங்களுக்கு எடுத்துரைக்க 1827இல் உள்ளூர்ப் பெரியவர்கள் கொண்ட ஆலோசனைக் குழு அமைந்தது. இதிலிருந்து உருவான பிரெஞ்சு இந்து சட்டம் அண்டையிலிருந்த சென்னை மாகாணத்தின் சட்டத்திலிருந்து ஒரு முக்கிய இடத்தில் வேறுபட்டது. மாகாணத்தில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. புதுச்சேரியில் தந்தை உயிரோடுள்ளவரை அவரே முழு உரிமையாளர். வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ வாடகைக்கு விடவோ பிள்ளைகளின் கையெழுத்து வேண்டியதில்லை. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’ குடும்பங்களுக்கு வாரிசு விதிகள் மீண்டும் வேறு. ஒரே தெருவில் அடுத்தடுத்த மூன்று வீடுகள் மூன்று சட்டங்களுக்குக் கட்டுப்பட்டிருக்கலாம். நோத்தேர் என்ற பத்திர அதிகாரியிடம் எழுதிய பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

பிரெஞ்சு சிவில் சட்டம் குடக்கூலிதாரருக்கு ஒரு பாதுகாப்பும் தந்தது. தேதி உறுதிப்பட்ட எழுத்துக் குத்தகை இருந்தால், வீடு வேறொருவருக்கு விற்கப்பட்டாலும் புதிய உரிமையாளர் காலம் முடியும் முன் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. நோத்தேரிடம் போய்ப் பத்திரம் எழுதிக்கொள்ள வசதி உள்ளவருக்கே அது பயன்பட்டது. ஒண்டுக்குடித்தனக்காரரின் ஒப்பந்தம் வாய்ச்சொல்தான்.

வாய்ச்சொல்லை நம்பிக் குடியிருந்தோர் தொகை ஆலைகள் வந்த பிறகு பெருகியது. 1829இல் தொடங்கிய சவானா ஆலை, 1892இல் வந்த கெப்ளே ஆலை, 1898இல் வந்த ரோதியே ஆலை ஆகிய மூன்றும் புல்வார் வளையத்துக்கு வெளியே அமைந்தன. இவையே பின்னாளில் சுதேசி, பாரதி, ஏ.எஃப்.டி. என்று பெயர் மாறின. 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் பாதையும் வந்துவிட்டது. முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு, உருளையன்பேட்டை, வாணரப்பேட்டை, உப்பளம் ஆகியவை கிராமமாகவும் தோப்பாகவும் இருந்த நிலை மாறித் தொழிலாளர் குடியிருப்புகளாயின. தனியார் மனையில் கீற்றுக் கொட்டகையை வரிசையாகப் போட்டு மாத வாடகைக்கு விடுவது, அல்லது தரை வாடகை மட்டும் வாங்கிக்கொண்டு குடிசையை அவரவரே கட்டிக்கொள்ள விடுவது என்று இரு வழக்கங்கள். தரை வாடகைக் குடிசைக்காரர் சுவரும் கூரையும் சொந்தமாக வைத்திருந்தும் நிலத்தில் உரிமையற்றவர். இந்த இரண்டுங்கெட்டான் நிலை பிற்காலத்துப் பட்டா கோரிக்கைகள் பலவற்றின் வேர்.

பிரான்சில் 1894இல் சீக்ஃபிரீட் சட்டமும் 1928இல் லூஷேர் சட்டமும் தொழிலாளருக்கு மலிவு வாடகை வீடு கட்ட அரசுக் கடனும் வரிச்சலுகையும் தந்தன. புதுச்சேரி ஆலைகளைச் சுற்றி எழுந்தவை அத்தகைய கட்டடங்கள் அல்ல. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தனர். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டம் எட்டு மணி நேர வேலையைப் பெற்றுத் தந்தது. கூலி, வேலை நேரம், சங்க உரிமை ஆகியவை அதன் மையத்தில் இருந்தன. வீடு தொழிலாளியின் சொந்தப் பாடாகவே விடப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதுச்சேரி வாடகைக்கு இன்னொரு வகைக் குடியிருப்பாளர் வந்தனர். பிரிட்டிஷ் காவல்துறை எட்டாத பக்கத்து ஊர் என்பதால் அரசியல் அகதிகள் இங்கே ஒதுங்கினர். 1908இல் சுப்பிரமணிய பாரதி வந்தார், 1910இல் வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் வந்தனர். மூவரும் வாடகைக் குடித்தனக்காரர்கள். பாரதி ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ‘விளக்கெண்ணெய்ச் செட்டியார்’ என்ற பெயரில் இலக்கிய வரலாற்றில் இடம் பிடித்துவிட்டார். வாடகை கேட்க வந்து, பாட்டைக் கேட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிடுவார் என்று பாரதியோடு பழகியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இதை ஒரு தனிமனிதரின் தாராளமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஆள் தேடிக் காத்திருக்க வேண்டிய ஊரில் பாக்கி வைக்கும் நல்ல குடித்தனக்காரரைத் துரத்துவது லாபமில்லை.

அரவிந்தர் மாறிய வீடுகளின் வரிசை இதைவிடத் தெளிவான சான்று. 1910 ஏப்ரலில் கோமுட்டி வீதியில் கலவை சங்கரச் செட்டியார் வீட்டு மாடி. அக்டோபரில் சுந்தரச் செட்டியார் வீடு. 1911இல் ராகவச் செட்டியார் வீடு. 1913இல் ஆறு மாதம் மிஷன் வீதி. அந்த ஆண்டு இறுதியில் பிரான்சுவா மர்த்தேன் வீதி. கையில் காசு குறைவாக இருந்த ஒரு சிறு குழு மூன்றரை ஆண்டுக்குள் ஐந்து வீடு மாறியது. முடிவில் போய்ச் சேர்ந்ததோ வெள்ளையர் நகரின் விசாலமான வீட்டுக்கு. அங்கே பெரிய வீடுகள் ஆளின்றிக் கிடந்தன, வாடகையும் எட்டக்கூடியதாக இருந்தது என்பதே இதன் பொருள். இன்று அதே வீதியில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குக் கேட்கும் தொகையை நினைத்தால் நம்பக் கடினம்.

1926இல் முறையாக உருவான அரவிந்தர் ஆசிரமம் பின்னர் அப்பகுதியின் பெரிய வாடகைதாரராகவும், படிப்படியாகப் பெரிய உரிமையாளராகவும் ஆயிற்று. சாம்பல் வண்ணச் சுவர்கள் அதன் அடையாளம். ஆசிரமவாசிகளுக்காக அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதி, 1937க்குப் பிறகு பல ஆண்டு உழைப்பில் எழுந்தது. இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்றாகக் கட்டடக்கலை மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். பலர் சேர்ந்து தங்குவதற்கென்றே திட்டமிட்டு, காற்றோட்டத்தையும் வெயிலையும் கணக்கிட்டுக் கட்டிய கட்டடம் அது. ஊரின் பொதுக் குடியிருப்புகளில் அதற்கு வாரிசு பிறக்கவில்லை.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகமும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி ஆட்சியும் இந்தியாவுக்கு மாறின. வெள்ளையர் நகரில் பிரெஞ்சு அதிகாரிகள் விட்டுச் சென்ற வீடுகள் அரசு அலுவலகங்களாயின. சில ஆசிரமத்தின் வசமாயின. உடன்படிக்கை தந்த வாய்ப்பின்படி ஏறத்தாழ 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்ற ‘சொல்தா’ குடும்பங்கள் புதுச்சேரியின் வீட்டுச் சந்தையில் தனி இனம். மாதந்தோறும் பிராங்கில் வந்த ஓய்வூதியம் உள்ளூர்ச் சம்பளங்களோடு ஒப்பிட முடியாதது. அது வீடாக மாறியது. பிள்ளைகள் பாரிசிலும் ரெயூனியனிலும் தங்கிவிட, பெற்றோர் காலத்துக்குப் பின் வீடு பூட்டிக் கிடந்தது. அல்லது உறவினரிடம் ‘பவர்’ எழுதிக் கொடுக்கப்பட்டது. அந்தப் பவர் பத்திரங்களைச் சுற்றி எழுந்த மோசடி வழக்குகள் புதுச்சேரிச் செய்தித்தாள்களுக்கு வழக்கமான தீனி. வாடகைக்கு வீடு கிடைக்காத ஊரில் பூட்டிய வீடுகளும் நிறைய இருப்பது இப்படித்தான்.

வந்து குவிந்தவர்கள் மறுபக்கம். யூனியன் பிரதேச நிர்வாகத்துக்கு ஊழியர்கள் வந்தனர். ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில் 1960களில் வளர்ந்தது. 1985இல் காலாப்பட்டில் பல்கலைக்கழகம் தொடங்கியது. இவர்களுக்கு வேண்டியது வாடகை வீடு. இந்தப் பின்னணியில் வந்ததுதான் 1969ஆம் ஆண்டின் புதுச்சேரி கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். முந்திய ஆண்டில்தான் இந்தியச் சட்டங்கள் பலவற்றை நாடாளுமன்றம் இங்கே நீட்டித்திருந்தது. பம்பாயில் முதல் உலகப்போர்க் காலத்திலும் சென்னையில் 1941இலும் போர்க்கால நெருக்கடிக்குத் தற்காலிகமாகக் கொண்டுவந்த கட்டுப்பாடு சென்னையில் 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்தது. புதுச்சேரிச் சட்டம் அதன் வார்ப்பிலேயே அமைந்தது.

சட்டத்தின் உள்ளடக்கம் எளிது. வாடகை நியாயமானதா என்று இரு தரப்பில் எவரும் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் முறையிடலாம். அவர் கட்டடத்தின் மதிப்பைக் கணக்கிட்டு நியாய வாடகை நிர்ணயிப்பார். நினைத்தபோது காலி செய்யச் சொல்ல முடியாது. வேண்டுமென்றே பாக்கி வைத்தல், அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் போன்ற காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். இவற்றுள் கடைசிக் காரணம் புதுச்சேரிக்கு விலை உயர்ந்ததாக முடிந்தது. பத்தாண்டு, இருபதாண்டு பழைய வாடகையில் ஒருவர் குடியிருக்கும் ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு ஆர்வம் இல்லை. குடியிருப்பவரும் தமதல்லாத கூரைக்குச் செலவு செய்யமாட்டார். தாழ்வாரம் சரியும், மெட்ராஸ் தளம் ஒழுகும். முடிவில் வீட்டைத் திரும்பப் பெறச் சட்டம் திறந்து வைத்திருந்த வழிகளில் ஒன்று, இடிப்பதாகச் சொல்வது. வாடகைக் கட்டுப்பாடு பல்லாயிரம் குடும்பங்களைத் திடீர் வெளியேற்றத்திலிருந்து காத்தது உண்மை. ஆனால் வாடகையைக் கட்டுப்படுத்திய கை, பராமரிப்புக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. தமிழர் நகரின் பழைய வீடுகள் மறைந்ததில் பேராசைக்கு உள்ள பங்கைப் பலரும் பேசுகிறார்கள். இந்தச் சட்டத்தின் பங்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை.

புதிதாகக் கட்டும் பொறுப்பு வாரியங்களிடம் போயிற்று. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியச் சட்டத்தைப் புதுச்சேரிக்கு நீட்டித்து 1970களில் வீட்டுவசதி வாரியம் அமைந்தது. குடிசை மாற்று வாரியம் பின்னர் வந்தது. வீட்டுவசதி வாரியம் மனை பிரித்தது, தவணையில் வீடு விற்றது. அதன் பயனாளி அரசு ஊழியர், வங்கி ஊழியர், ஆசிரியர்: மாதச் சம்பளம் காட்டக் கூடியவர். நகரின் புதிய பரப்பு வடக்கிலும் மேற்கிலும், லாஸ்பேட்டை, சாரம், ரெட்டியார்பாளையம், மூலகுளம் என்று விரிந்தது. லோ தெ லோரிஸ்தோனின் பெயரைத் தாங்கிய லாஸ்பேட்டை அரசு ஊழியர் ஊராகவே ஆயிற்று. இவை பெரும்பாலும் ஒழுகரை நகராட்சியில் வருபவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒழுகரை சுமார் 3 லட்சத்தை எட்டிப் புதுச்சேரி நகராட்சியை மிஞ்சிவிட்டது. நகரத்தின் பெயர் ஓரிடத்தில், நகரத்து மக்கள் வேறோரிடத்தில்.

விரிவின் பெரும்பகுதி வாரியங்கள் செய்ததல்ல. வயலையும் தோப்பையும் வாங்கித் தனியார் மனையாக வெட்டி விற்றார்கள். அங்கீகாரம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல். நீர் தேங்கும் பள்ளங்களும் வாய்க்கால் கரைகளும் நகர்களாயின. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், வெங்கடா நகர் போன்றவை மழைக்காலந்தோறும் செய்தியில் அடிபடுவதற்குக் காரணம் இதுவே. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது கீழ்த்தளங்களில் இருந்தவர்கள்தாம் முதலில் பாதிக்கப்பட்டார்கள். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு மாடியில் உரிமையாளர் இருப்பது இந்த நகர்களில் பரவலான வழக்கம்.

ஏழைகளுக்கான திட்டங்கள் வேறு தர்க்கத்தில் ஓடின. இலவச மனைப்பட்டா, கூரை வீட்டைக் கல்வீடாக்க மானியம் என்பதே புதுச்சேரி அரசியலின் நிரந்தர வாக்குறுதி. காமராஜர் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய பெருந்தலைவர் காமராஜர் வீடு கட்டும் திட்டம் இவற்றுள் நன்கு அறியப்பட்டது. மத்திய அரசின் பிரதமர் வீட்டுவசதித் திட்டமும் அதே வழியில் சேர்ந்துகொண்டது. இரண்டிலும் வீடு கட்ட மானியம் வேண்டுமானால் கையில் மனை இருக்க வேண்டும். ஏ.எஃப்.டி. போன்ற ஆலைகள் நலிந்து 2020இல் மூடப்பட்டபோது வாடகை வீட்டில் இருந்த தொழிலாளிக்கோ, சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலைக்கு வந்து ஓர் அறையில் நான்கு பேராகத் தங்கும் இளைஞருக்கோ இந்த மானியத்தில் இடமில்லை. வாடகைக் குடியிருப்பை முன்வைத்த மத்தியத் திட்டம் நாட்டளவிலேயே கொரோனா முடக்கத்துக்குப் பிறகு, 2020 ஜூலையில்தான் வந்தது.

இந்த இடைவெளியை நிரப்புவது வீட்டுக்காரரும் தரகரும் சேர்ந்த சந்தை. அதற்கு இரண்டு வடிவங்கள். ஒன்று மாத வாடகை, அட்வான்சோடு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் ஒப்பந்தம் 11 மாதத்துக்கே எழுதப்படும். புதுப்பிக்கும்போதெல்லாம் வாடகை ஒரு படி ஏறும். மற்றொன்று ஒத்தி. லட்சக்கணக்கில் ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுவது. நகையை விற்றோ, வட்டியில்லாக் கைமாற்று வாங்கியோ அந்தத் தொகையைப் புரட்டக்கூடிய குடும்பங்களுக்கு மாத வருமானம் தடுமாறினாலும் கூரை நிலைக்கும். வீட்டுக்காரருக்கோ இது வங்கி கேட்காத கடன். வெறும் முத்திரைத்தாளில் எழுதும் ஒத்தியில் ஆபத்து முழுவதும் குடியிருப்பவர் பக்கம். வீட்டுக்காரர் அதே வீட்டை வங்கியில் அடகு வைத்து மூழ்கிவிட்டால், ஒத்திக்காரர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். ஒண்டுக்குடித்தனம் குறைந்துவிட்டது, ஒத்தி குறையவில்லை.

புல்வார் வளையத்துக்குள் நிலைமை திரும்பியது 1990களுக்குப் பிறகு. 1990களின் நடுவில் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் எடுத்த கணக்கில் சுமார் 1,800 மரபுக் கட்டடங்கள் இருந்தன. அடுத்த ஆண்டுகளில் அவற்றுள் பல நூறு இடிந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் நிதியோடு, பிரான்சின் வில்நேவ் சூர் லோ, இத்தாலியின் உர்பினோ நகரங்களின் துணையில் வைசியாள் வீதியின் முகப்புகள் மீட்கப்பட்டன. 2008இல் யுனெஸ்கோ பரிசும் கிடைத்தது. மீட்ட வீதியில் தாழ்வாரமும் திண்ணையும் திரும்பின. பழைய வீடு நல்ல விலை போகும் என்பதையும் ஊர் கண்டுகொண்டது. அதற்குள் வார இறுதிச் சுற்றுலா பெருகிவிட்டது. மாத வாடகை தரும் குடும்பத்தைவிட இரவு வாடகை தரும் பயணியால் வருமானம் அதிகம். முற்றம் சிற்றுண்டிச்சாலை ஆயிற்று. அறைகள் தங்கும் விடுதி ஆயின. பராமரிப்புக்கு வழியின்றி அழிந்த வீடுகளுக்கு இது உயிர் கொடுத்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த வீடுகளில் இருந்த குடித்தனங்கள் திரும்பி வரவில்லை. கடற்கரைக்கும் மிஷன் வீதிக்கும் இடையே உணவகத்தில் பாத்திரம் தேய்ப்பவரும் அறை துடைப்பவரும் இப்போது வில்லியனூரிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் பேருந்து ஏறி வருகிறார்கள்.

இன்னும் மலிவாக வேண்டுமானால் மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பல்ல. காலனிக்காலக் கைமாற்றங்களால் தமிழ்நாட்டுக்கு இடையிடையே சிதறிய துண்டுகள். முத்தியால்பேட்டையை அடுத்த கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம். அங்கே வாடகைக்கு இருப்பவரின் குடும்ப அட்டை தமிழ்நாட்டில், வேலையும் பிள்ளையின் பள்ளியும் புதுச்சேரியில். புதுச்சேரி நகர, ஊரமைப்புச் சட்டமும் அதன்படி 2036ஐ இலக்காக வைத்து வரைந்த வளர்ச்சித் திட்டமும் எல்லைக் கல்லோடு நின்றுவிடும். எல்லையின் மறுபுறம் வேறு திட்டக்குழு, வேறு விதிகள், வேறு வாடகைச் சட்டம்: தமிழ்நாடு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைவிட்டு, 2019 முதல் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் வலியுறுத்தும் புதிய சட்டத்தை நடைமுறைப்படுத்துகிறது. ஒரே சந்தையில், சில நூறு மீட்டர் இடைவெளியில், குடியிருப்பவருக்கு வெவ்வேறு உரிமைகள்.

நகருக்குள்ளேயே, குமரகுருபள்ளத்தில் பழைய குடியிருப்பை அகற்றிவிட்டுப் பன்மாடிக் கட்டடம் எழுப்பப்பட்டது. 2017இல் புதுச்சேரி தேர்வான ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் நிதி அது. அங்கிருந்த குடும்பங்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல் அதே இடத்தில் மேல்நோக்கிக் குடியேற்றும் முயற்சி என்பதால், மனைப்பட்டா வழங்கும் வழக்கத்திலிருந்து இது விலகியது. மின்தூக்கியும் நீரேற்றியும் யார் செலவில் ஓடும், ஒதுக்கீடு பெற்றவர் வீட்டைச் சத்தமின்றி வாடகைக்கு விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகள் இத்தகைய கட்டடங்களை எங்கும் விடாமல் தொடர்கின்றன. இவற்றுள் இரண்டாவதற்கு விதிப்படி பதில் ஒதுக்கீட்டை ரத்து செய்வது. குறைந்த வருமானக்காரர் வாடகைக்கு இருக்க வளையத்துக்குள் வேறு இடமே இல்லாத ஊரில், அந்த உள்வாடகைக்கு வருபவரும் பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரராகவே இருப்பார்.